மாணிக்கம் வீட்டுச் சங்கிலி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. தாராவியில் சாக்கடைக்கு மேல் பலகை போட்டு, பலகைக்கு மேல் தகரக் கூரை போட்டுத் தோல்பைப் பட்டறை வைத்தவன் நான். அது வளர்ந்து குர்லாவில் இன்னொரு பட்டறை ஆயிற்று. என்னிடம் தையல் பழகிவிட்டுப் போய் முதலாளி ஆனவர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்குவார்கள். தாணேயில் நம் ஆட்கள் கோயில் கட்டியபோது மண்டபத் தூண் ஒன்று என் செலவு. பெயர் வெட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரையும் கல்லூரிக்கு அனுப்பினேன். சான்பாடாவில் காற்று வருகிற திசை பார்த்து வீடு வாங்கினேன். லிஃப்டில் என் பக்கத்தில் நிற்பவர் பெரிய கம்பெனி மேனேஜர். அவருக்கும் சேர்த்து நான்தான் பொத்தானை அமுக்குவேன்.

இவை எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. ஒன்றே ஒன்றில் இல்லை. ஒரு கதையை வாரா வாரம் துண்டு போட்டுக் காட்டி, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று சனங்களை ஏங்க வைக்கிற வித்தை இருக்கிறதே, இப்போது டிவிக்காரர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அந்த வித்தையைப் பம்பாய்த் தமிழ்ச் சனங்களுக்கு முதலில் காட்டியவன் நான். டிவி என்கிற பெட்டியே இந்த ஊருக்குள் வராத அறுபதுகளில். சொன்னால் சிரிப்பீர்கள். என் மருமகளும் சிரித்தாள்.

அவள் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து தொடர் பார்ப்பாள். நானும் கூட உட்காருவேன். கதைக்காக இல்லை, அதில் வருகிற ஒரு முகத்துக்காக. வெள்ளைத் தலை, நல்ல மூக்கு, தொண்டையிலிருந்து வருகிற கனத்த குரல். அந்த ஆள் ஒரு தொடரில் அப்பா, ஒன்றில் மில் முதலாளி, ஒன்றில் கோயில் தர்மகர்த்தா.

"மாமா, இவர பாருங்களேன். ஏழு மணிக்கு ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. எட்டு மணிக்கு வேற சேனல்ல ஜட்ஜா உக்காந்திருக்காரு" என்றாள் மருமகள்.

"அவன் அப்பவே அப்படித்தாம்மா. ஒரு எடத்துல செத்து இன்னொரு எடத்துல பொறப்பான்."

"உங்களுக்குத் தெரியுமா இவர?"

"அவனுக்கு மீசை ஒட்டத் தெரியாது. நான்தான் ஒட்டி விடுவேன்."

அதற்குத்தான் சிரித்தாள். வயசானவர்கள் சொல்வதற்குச் சிரிக்கிற சிரிப்பு. நல்ல பெண், அவள்மேல் தப்பில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முகத்தைப் பேட்டி எடுத்தார்கள். நடிப்பு எங்கே ஆரம்பித்தது என்று ஒரு பெண் கேட்டது. அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "பம்பாய்ல, மாட்டுங்கால. நல்லாப் படிச்ச பெரியவங்க நடத்துன சபா. 'மாணிக்கம் வீடு'ன்னு ஒரு நாடகம். இப்ப சீரியல்ல வைக்கிற சஸ்பென்ஸெல்லாம் நாங்க அன்னைக்கே பண்ணிட்டோம்" என்றான்.

தாராவி என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. டிவியை அணைக்கச் சொல்லிவிட்டேன்.

அணைத்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே சோபாவில் கிடந்தேன். மகன் ஆசையாக வாங்கிய சோபா. தோல் என்று சொல்லிக் கடைக்காரன் தலையில் கட்டியிருக்கிறான். ரெக்ஸின். முகர்ந்தாலே எனக்குத் தெரியும். மகனிடம் சொல்லவில்லை, வாங்கின சந்தோஷத்தைக் கெடுப்பானேன். நிஜத் தோலுக்கு ஒரு வாசம் உண்டு. உப்பும் கடுக்காயும் கொஞ்சம் அழுகலும் கலந்த வாசம். அந்தக் காலத்தில் சயான் ஸ்டேஷன் நெருங்கும்போதே ரயிலில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். உள்ளேயே கிடக்கிற எங்களுக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தோடு அது மறந்துவிடும். ஊருக்குப் போகும்போதுதான் தெரியும். வீட்டுப் பெண்கள் நம் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மழை பெய்தால் அந்த வாசம் இரண்டு மடங்கு. நான் சொல்ல வந்த விஷயமும் மழையில்தான் தொடங்கியது.

வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள் நாடகம் போடுவது வழக்கம். விடிய விடிய நடக்கும். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். மில்லுக்கும் டாக்குக்கும் போகிறவர்கள் பின்னே என்ன செய்வார்கள். அந்த வருஷம் நான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றேன். கதையும் என்னுடையதுதான். ராஜாவும் இல்லை, சாமியும் இல்லை. மாணிக்கம் என்று டாக்கில் வேலை பார்க்கிற ஒருவன். அவனுக்கு வள்ளி என்று பெண்டாட்டி, வீட்டோடு ஒரு தாயார், கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு தங்கை. தங்கைக்காகச் செய்து வைத்த சங்கிலி டிரங்குப் பெட்டியிலிருந்து காணாமல் போகிறது. எடுத்தது யார். அவ்வளவுதான் கதை.

தோல் காயப்போடுகிற வெளியில் டிரம் உருட்டி, பலகை போட்டு மேடை. பைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணியில் திரை. வள்ளி வேஷம் ஒரு ஒல்லித் தையல்காரருக்கு. வள்ளி பெட்டியைத் திறந்தாள், சங்கிலியைக் காணவில்லை, ஐயோ என்று அலறினாள். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது பாருங்கள், சனங்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள். நாடகம் அதோடு நின்றது.

மறுநாள் பட்டறையில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருக்கிறேன், பேச்சி மைனி வந்து நிற்கிறாள். எங்கள் சந்தில் இருந்தவள், சந்துக்கே மைனி, அதாவது அண்ணி. மாட்டுங்காவில் சில வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். கையில் வாளி.

"அண்ணாச்சி, சங்கிலிய எடுத்தது யாரு?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க மைனி."

"எனக்கு மட்டும் சொல்லுங்க. ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டேன்."

"சொன்னா நாடகத்த யாரு பாப்பா?"

"அதுக்குள்ள நான் செத்துப் போயிட்டன்னா?"

"போனா வள்ளிட்டயே கேட்டுக்கிடுங்க. அவளும் சாகத்தான போறா."

"வள்ளி சாகப் போறாளா?" என்று வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் வள்ளி சாகப்போகிற சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் அதே பேச்சு. வள்ளிக்காக ஒருத்தி அழுதாள் என்று கூடச் சொன்னார்கள்.

இப்போதைய பிள்ளைகள் மார்க்கெட்டிங் என்று படிக்கிறார்களே, எனக்கு அது அந்த வாளியைப் பார்த்தபோது புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மீதிக் கதையை முழுசாக நான் சொல்லவில்லை. ஒரு துண்டுதான். சந்தேகத்தை மாடி வீட்டு வாடகைக்காரன்மேல் போட்டு நிறுத்திவிட்டேன். அதற்கடுத்த வாரம் வள்ளியின் தம்பிமேல். அப்புறம் வள்ளிமேலேயே. வாரத்துக்கு வாரம் கூட்டம் கூடியது. கோலிவாடாவிலிருந்தும் ஆள் வந்தது, செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு.

மாணிக்கமாக நடித்தவன் செல்லத்துரை. டிவியில் பார்த்த முகம் அதுதான். டிவியில் வேறு பெயர். நானும் அவனும் ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்தவர்கள். ஒரே கோலியில், அதாவது ஒரே அறையில், பாயைச் சேர்த்துப் போட்டுப் படுத்தவர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல பேண்ட் ஒன்றுதான். சரக்கு வாங்குகிற பார்ட்டியைப் பார்க்கப் போகிறவனுக்குப் பேண்ட், மற்றவனுக்குச் சாரம், லுங்கிதான். அவனுக்கு உயரம் சரியாக இருந்ததால் பார்ட்டியைப் பார்க்கப் பெரும்பாலும் அவனே போவான்.

எங்கள் நாடகத்துக்கு எழுத்து கிடையாது. இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது எழுத வராது. போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை சரக்கை அனுப்பிவிட்டால் பட்டறையில் கை கொஞ்சம் ஓயும். நான் தோலை வெட்டிக்கொண்டே ஒரு வரி சொல்வேன். செல்லத்துரை தைத்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வான். மாணிக்கத்தின் வரியும் அவன்தான், மாமியார் வரியும் அவன்தான். மற்றவர்கள் வந்தால் அவன் சொல்லிக் கொடுப்பான். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அவனுக்கு மறக்காது. நான் சொன்னதைவிட அவன் சொல்லும்போது நன்றாகவும் இருக்கும். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்து போகாது.

முடிவை மட்டும் யாரிடமும் நான் சொல்லவில்லை. மாமியாராக நடித்தவருக்கே தெரியாது. செல்லத்துரையிடம் மட்டும் சொன்னேன். மாஹிம் பக்கம் உப்பங்கழி ஓரமாக இரண்டு பேரும் நடந்து போய்க்கொண்டிருந்தோம்.

"மாமியாளா எடுத்தா?" என்று நின்றுவிட்டான்.

"ஆமா."

"அவ எதுக்குவே எடுக்கா?"

"பழிய வள்ளி மேல போட்டு வீட்ட விட்டு வெரட்டத்தான்."

என் தோளில் கை போட்டு, "வே, இது பெரிய கதை. நாம இத மெட்ராஸுக்கே கொண்டு போலாம்" என்றான்.

"வெளிய விட்டுராத."

"நம்ம வாயிலேருந்து போவுமா?"

இப்படித்தான் பேசுவான். நாம, நம்ம கதை, நம்ம சனம். அந்த 'நாம'வை நம்பி நான் பட்டறைச் சாவியையே அவனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மாட்டுங்காவிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை அரைக்கை சட்டை, பையில் இரண்டு பேனா, மூக்கில் கைக்குட்டை. அங்கே ஒரு சபாவில் செக்ரட்டரி. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். முடிந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "பேஷா பண்றேள். ரொம்ப இயற்கையா இருக்கு. ஸ்கிரிப்ட் வெச்சிருக்கேளா?" என்று கேட்டார்.

"இல்ல சார், எல்லாம் வாயிலதான்" என்றேன், பெருமையாக.

"ஓ" என்றார்.

அந்த ஓவுக்கு அர்த்தம் அன்று எனக்கு விளங்கவில்லை.

சில வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை கிராஃபர்ட் மார்க்கெட்டில் பைக்குப் போடுகிற பக்கிள் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், கோலி பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்துக் கடை காதர் பாயிடம். பெல்ட் தைத்து விற்கிறவர். கடையநல்லூர்ப் பக்கத்து மனுஷர், என்னைவிட மூத்தவர், குள்ளமாக உருண்டையாக இருப்பார்.

"செல்லத்துரை பெட்டிய எடுத்துக்கிட்டு போயிட்டாப்பா" என்றார்.

"எங்க?"

"மாட்டுங்கா சபால சேந்தாச்சாம். அங்கயே தங்க எடம் குடுக்காங்களாம். ஹால்ல ஃபேன் எல்லாம் இருக்காம்."

"எங்கிட்ட ஏதும் சொல்லச் சொன்னானா?"

காதர் பாய் தோல் வாரை இழுத்துப் பார்த்தபடி, "ஃபேன் இருக்குன்னு சொன்னான்" என்றார்.

பேண்டையும் எடுத்துப் போயிருந்தான். மறுநாள் ஞாயிறு. சனங்கள் வந்து உட்காரும், மாணிக்கம் எங்கே. எல்லாருடைய வரியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆனால் திரை இழுக்கவும் மேளம் தட்டவும் பின்னாலிருந்து வரி எடுத்துக் கொடுக்கவும் நான்தான் இருந்தேன். எங்கள் நாடகத்தை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவர் காதர் பாய். அவரை இழுத்துக்கொண்டு போய்ச் செல்லத்துரையின் வேஷச் சட்டையை மாட்டினேன். முழங்கால் வரை வந்தது.

திரைக்கு முன்னால் போய் நின்று, "போன வாரம் வரைக்கும் மாணிக்கமா வந்தவரு இனிமே வரமாட்டாரு. அவருக்குப் பதில் இவரு" என்று சொன்னேன். இப்போது தொடர்களில் நடுவே கீழே எழுத்தில் போடுகிறார்களே, அதேதான். அவர்கள் எங்கேயிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

முன்வரிசையில் பேச்சி மைனி. "இவரா? பெல்ட்டுக் கட காதர் பாய்லா இவரு. மாணிக்கம் எங்க?" என்றாள். கூட்டம் சலசலத்தது. காதர் பாய் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வள்ளியைப் பார்த்து, "ஏளா வள்ளி, ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேனா, எப்படிச் சுருங்கிப் போயிட்டேன் பாரு" என்றார்.

சனங்கள் சிரித்த சிரிப்பில் மேடைப் பலகை ஆடியது. அதற்குப் பிறகு அவர்தான் மாணிக்கம். ஒருத்தரும் பழைய ஆளைத் தேடவில்லை.

ஆள் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லுவேன். நடிக்கிறவன் நாலு இடத்துக்குப் போவான். என் பட்டறையிலிருந்து போகாத ஆளா. ஆனால் ஒரு திங்கட்கிழமை பேச்சி மைனி மாட்டுங்கா வேலை முடிந்து நேரே பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, மாமியாதான் எடுத்தாளாமே?"

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. "யாரு சொன்னா?"

"நான் வேல பாக்குத வீட்டம்மா. நேத்து சபால பாத்துட்டு வந்தாவளாம். நம்ம செல்லத்துரதான் மாணிக்கம். மொதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே நாள்ல முடிச்சிட்டாவளாம்."

அவள் போகாமல் நின்றாள். "நானே கண்டுபிடிக்கணும்னு இருந்தேன். தம்பிக்காரன்னு நெனச்சிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதத்தான் யோசிப்பேன். இனிமே என்னத்த யோசிக்க" என்றாள். வீட்டில் திருடு போனவள் முகம் மாதிரி இருந்தது.

அந்த வாரமே நடந்த அடுத்த ஆட்டத்துக்கு நான் மாட்டுங்கா போனேன். காதர் பாயிடம் பேண்ட் இரவல் வாங்கினேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஹால் வாசலில் பெரிய போர்டு. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மாணிக்கம் வீடு. கதை, வசனம் என்று போட்டு செக்ரட்டரி சார் பெயர். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஃபேன் இருந்தது உண்மைதான்.

என் நாடகத்தை எனக்கே குளிப்பாட்டித் தலை சீவிக் காட்டினார்கள். வள்ளியை மாணிக்கம் 'ஏளா' என்று கூப்பிடுவதை 'ஏண்டி' ஆக்கியிருந்தார்கள். மாமியார் வாயில் நான் வைத்த 'சவத்த மூதி' என்கிற திட்டு 'அசடு' ஆகியிருந்தது. மற்றபடி வரிக்கு வரி என்னுடையது. மூச்சு விடுகிற இடம் கூட. பக்கத்தில் இருந்த மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்குச் சந்தோஷப்படுவதா வயிறெரிவதா என்று தெரியவில்லை.

முடிந்ததும் பின்பக்கம் போனேன். செல்லத்துரை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மீசையை உரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தான்.

"என்னவே, சொல்லாமக் கொள்ளாம வந்துட்ட" என்றேன்.

"சொன்னா விடுவியா?"

"நீ வந்ததுக்குக் கேக்கல. கதைய எதுக்குவே தூக்கிட்டு வந்த?"

"தூக்கலவே. சார் கேட்டாரு, சொன்னேன். உக்காந்து எழுதிக்கிட்டாரு."

"அப்போ கதை யாருது?"

மீசையைத் தட்டில் வைத்தான். "எழுதுனவருதுதான. நீ எங்க எழுதுன? சொன்ன. சொல்லுதவன் பேரெல்லாம் போர்டுல போடுவாங்களாவே?"

"முடிவையும் சொல்லிட்டியே. அங்க நம்ம சனம் இன்னும் பாத்துக்கிட்டிருக்கு. அது உனக்குத் தெரியாதா?"

"அது உன் பாடு. நாங்க இங்க ஒரே நாள்ல முடிச்சிருவோம்."

நாங்க. அன்றைக்குத்தான் அவன் வாயில் அந்தச் சொல்லை நான் முதல் தடவை கேட்டேன். அதற்குள் நான் இல்லை.

செக்ரட்டரி சார் உள்ளே வந்தார். "யாரு இவர்?" என்று அவனைக் கேட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"தெரிஞ்சவர் சார். தாராவில பட்டறை வெச்சிருக்கார்" என்றான் அவன். அவன் தமிழும் அதற்குள் மாறியிருந்தது.

"அப்படியா, சந்தோஷம். நாடகம் பிடிச்சுதா?"

"புடிச்சிது சார். மாமியாருக்கு இன்னும் கொஞ்சம் வாய் வேணும்" என்றேன். கவனிப்பதாகச் சொன்னார்.

தண்டவாளத்து ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன். அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அழவில்லை. எனக்கு அப்போது இருந்த கவலை ஞாயிற்றுக்கிழமை. தெரு முழுக்க முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்த கதைக்கு யார் வந்து உட்காருவார்கள். நாடகத்தை நிறுத்தினால் தோற்றவன் நான். அப்படியே நடத்தினால், மாட்டுங்கா நாடகத்தைப் பார்த்து நடத்துகிறான் என்பார்கள். என் கதைக்கு நானே காப்பியடித்தவன் ஆவேன். பெட்டியைத் தொடக்கூடிய ஆட்களை ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். வாடகைக்காரன், தம்பி, மாமியார், வள்ளி. எல்லாரையுமே சந்தேகப்பட்டு முடித்தாயிற்று. நான் சந்தேகப்படாதவன் ஒருத்தன்தான் மிச்சம். எனக்கு ரொம்பப் பிடித்தவன். நான் பார்த்துப் பார்த்து நல்லவனாகச் செய்து வைத்தவன்.

ஞாயிற்றுக்கிழமை திரை தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் காதர் பாயிடமும் மாமியார் வேஷக்காரரிடமும் சொன்னேன்.

"நானா எடுத்தேன்? சனம் அடிக்கும்பா" என்றார் காதர் பாய்.

"அடிச்சா நல்லா நடிச்சியன்னு அர்த்தம்."

"அடி எனக்கு, அர்த்தம் உனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே சங்கிலியை வாங்கி மடியில் செருகினார்.

கூட்டம் பாதிதான். பேச்சி மைனி வந்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, வந்ததே பெரிசு என்கிற மாதிரி. மாமியார் வள்ளி காலடியில் வந்து உட்கார்ந்ததும் பின்னாலிருந்து, "தெரியும், தெரியும். சீக்கிரம் சொல்லு, சோறு திங்கணும்" என்று ஒரு குரல். சிரிப்பு.

மாமியார் நிமிர்ந்து பார்த்து, "நான் எடுக்கல்ல தாயி. எடுத்தவனப் பாத்தேன். பெத்த வயிறு, அதான் வாயத் தெறக்கல்ல" என்றார்.

சிரிப்பு அப்படியே அறுந்தது. காதர் பாய் மடியிலிருந்து சங்கிலியை எடுத்தார். கப்பல் வேலை வாங்கித் தருகிற ஏஜெண்டுக்குக் கொடுக்க எடுத்தேன், எல்லாரையும் விட்டுவிட்டுப் போக நினைத்தேன் என்பது வரை நான் சொல்லிக் கொடுத்தது. வள்ளி கேட்டாள்: "தெருவே என்னத் திருடின்னு சொல்லிச்சே. அப்பம் பாத்துக்கிட்டுத்தான நின்னிய?"

காதர் பாய் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்ன என்ன சொன்னாலும் நீ பொறுத்துக்கிடுவன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வரி நான் சொன்னதில்லை. காதர் பாய் தானாகச் சொன்னது. அடுத்தவன் சரக்கை என் சரக்கு என்று நான் சொல்லமாட்டேன். அதைக் கேட்டுத் திரைக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். திரையை இழுக்க மறந்துபோனேன். பேச்சி மைனி எழுந்து மேடைக்கு நேராக வந்து, "நீ வெளங்குவியாலே" என்று காதர் பாயைக் கேட்டாள். மாணிக்கத்தை இல்லை, காதர் பாயைத்தான். அந்த வாரம் அவர் கடையில் ஒரு பெண் கூட எட்டிப் பார்க்கவில்லை. மைனி ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே மாணிக்கம் வீட்டுக் கதைக்கு இரண்டு முடிவு. மாட்டுங்காவில் நடந்தது அரைவேக்காடு. செல்லத்துரை அதைத்தான் ஊர் ஊராக நடித்தான். அதை வைத்துத்தான் மெட்ராஸ் போனான், படத்தில் தலை காட்டினான், டிவியில் இந்த வீட்டில் செத்து அந்த வீட்டில் பிறக்கிறான். நிஜ முடிவு அவனுக்கு இன்று வரைக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் ஒரு தடவையும் தாராவிப் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தொடர் நடத்தினேன். நன்றாகத்தான் போயிற்று. ஆனால் முடிவை ஒருத்தரிடமும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நடிக்கிறவர்களுக்கே கடைசி நிமிஷத்தில்தான் சொன்னேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எங்களை நம்பமாட்டியோ என்றார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். பட்டறையும் பெரிதாகிவிட்டது. மாட்டுங்காவில் பட்ட அவமானத்தில்தான் நான் எழுதப் பழகினேன். முதலில் பில் எழுத, அப்புறம் ஊருக்குக் கடுதாசி எழுத, இப்போது இது. இதில் ஒற்று விட்டுப் போயிருந்தால் அச்சடிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தோல் காய்ந்த வெளியில் இப்போது பெரிய கட்டடம். கீழே மொபைல் கடை. தோல் பதனிடுவதையே அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். சயானில் இறங்கினால் எந்த வாசமும் இல்லை. காதர் பாய் காலமாகி வெகு நாளாயிற்று. பேச்சி மைனியின் பேரன் தாராவியில்தான் இருக்கிறான், இந்தியில்தான் பேசுகிறான். ஆச்சி நாடகம் பார்த்ததெல்லாம் அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சாட்சி சொல்ல ஒருவரை நானும் தேடிப் பார்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது என் வாய்தான். வாயால் சொன்னது கணக்கில் வராது என்று அன்றைக்கே ஒருத்தன் சொல்லிவிட்டான்.

அதனால் எழுதியே கேட்கிறேன். பம்பாய்த் தமிழ் நாடகத்தைப் பற்றி யார் பேசினாலும், டிவியில் யார் பேட்டி கொடுத்தாலும், 'மாணிக்கம் வீடு' என்று வருகிற இடத்தில் எழுதியவர் என்று செக்ரட்டரி சார் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். கை வலிக்க எழுதியிருக்கிறார், அது பொய்யில்லை. மாணிக்கமாக நடித்தவர் என்று காதர் பாய் பெயரையும் செல்லத்துரைக்குப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் வரியில், சொன்னவர் என்று என் பெயர் வர வேண்டும். எழுதியவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.